பொங்கல் படையலில் பறங்கிக்காய் வந்த வரலாறு

தை முதல் நாளில் வாசலில் கோலமிட்டு, மஞ்சள் கொத்துக் கட்டிய பானையில் பால் பொங்கி வழியக் கண்டு, தலைவாழை இலையில் கதிரவனுக்குப் படைத்து வழிபடுவது தமிழ் மக்கள் தொன்றுதொட்டுப் போற்றிவரும் மரபாகும். அந்த இலையில் சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், கரும்பு, மஞ்சள், வாழைப்பழம், பறங்கிக்காயும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மொச்சையும் சேர்ந்த கூட்டு ஆகியவை இடம்பெறும். இவையனைத்தும் நம் முன்னோர் காலந்தொட்டு அப்படியே இருந்துவருபவை என்று நாம் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் எந்த அளவிற்கு உண்மை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இதனை எழுதத் தூண்டியவர் முதிய அம்மையார் ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதப் பிரதோஷத்தன்று, திருக்கோயில் பிராகாரத்தில் அருகில் அமர்ந்திருந்த அவர், "ஐயா, இரண்டு ஆண்டுகளாக நான் பொங்கல் வைக்கவில்லை. குற்றமாகுமா?" என்று வினவினார். காரணம் கேட்டபோது, கிராமத்து வீட்டை விட்டு நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பிற்கு வந்துவிட்டதையும், அங்கே மண் அடுப்பு இல்லை, புது நெல் இல்லை, கூட்டிற்கு மருமகள் கேரட்டும் பீன்ஸும் வாங்கிவருகிறாள் என்பதையும் எடுத்துரைத்தார். "முறை தவறிச் செய்வதை விடச் செய்யாதிருப்பதே மேல் அல்லவா?" என்றார். பறங்கிக்காய் கிடைத்திருந்தாலாவது மனம் ஒருவாறு தேறியிருக்கும் என்பது அவர் கருத்து.

அவ்வம்மையார் பழமையின் அடையாளமாகக் கருதிய பறங்கிக்காயே ஒரு காலத்தில் கடல் கடந்து வந்த புதுமை. அதன் பெயரே அதற்குச் சான்று.

கல்வெட்டுகள் காட்டும் திருவமுது

நம் திருக்கோயில்களில் இறைவனுக்கு என்ன படைக்கப்பட்டது என்பதை அறிய நூல்களைக் காட்டிலும் உறுதியான சான்றுகள் கருங்கல்லிலேயே உள்ளன. கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டுகளில் அரிசி, பயற்றம் பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, கறியமுது வகைகள் ஆகியவை அளவுடன் குறிக்கப்பட்டுள்ளன. காயம் என்ற பெயரில் மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி ஆகிய ஐந்தும் கூறப்படுகின்றன. புளிங்கறி, பொரிக்கறி, புழுக்குக்கறி என்று கறியமுதைப் பிரித்துரைக்கும் நுட்பம் வியப்பிற்குரியது. முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளிலும் அரிசி, பருப்பு, நெய், மிளகு, கடுகு, சீரகம், புளி, தயிர், வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு என்று பட்டியல் நீள்கிறது.

இப்பட்டியல்களில் மிளகாய் இல்லை. வேர்க்கடலை இல்லை. முந்திரிப் பருப்பு இல்லை. பறங்கிக்காயும் சர்க்கரைவள்ளியும் இல்லை. இவை விடுபட்டுப் போனவை அல்ல. அக்காலத்தில் இம்மண்ணில் எவரும் கண்டிராதவை.

ஆண்டாள் நாச்சியார் அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக நேர்ந்துகொண்டதும், பின்னர் இராமானுசர் அவ்வேண்டுதலை நிறைவேற்றியதும் வைணவ அன்பர்கள் அறிந்ததே. அக்காரம் என்பது கரும்பின் இனிப்பு. அடிசில் என்பது சோறு. மார்கழி 27ஆம் நாளாகிய கூடாரவல்லியன்று இன்றும் அப்பெயராலேயே அது தளிகையாகிறது. ஆயினும் இன்று அதன்மேல் நெய்யில் வறுத்துத் தூவப்படும் முந்திரிப் பருப்பை ஆண்டாள் கண்டிருக்க வழியில்லை.

பெயரிலேயே ஊர் சொல்லும் பொருள்கள்

1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளை அடைந்தார். 1498ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்திறங்கினார். இவ்விரு பயணங்களின் பயனாக, அமெரிக்க நிலப்பரப்பில் மட்டுமே விளைந்துவந்த பயிர்கள் போர்ச்சுகீசியர் கப்பல்களின் வழியே நம் கரைகளை வந்தடைந்தன. அவர்களைத் தமிழர் பறங்கியர் என்றழைத்தனர். அவர்கள் காலத்தில் வந்த காய் பறங்கிக்காய் ஆயிற்று. மலையாள நாட்டார் முந்திரிக் கொட்டையைப் பறங்கியண்டி என்றனர்; முந்திரி பிரேசில் நாட்டு மரம்.

வேர்க்கடலைக்கு மணிலாக்கொட்டை என்றொரு பெயருண்டு. தென் அமெரிக்காவில் தோன்றிய அப்பயிருக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரத்தின் பெயர் இங்கே நிலைத்துவிட்டது. விழுப்புரம், கடலூர்ப் பகுதி மக்கள் அதனை மல்லாட்டை என்பர். மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ அது. சீனி என்ற சொல்லில் சீனம் ஒலிக்கிறது. அஸ்கா என்று நம் பாட்டியர் கூறிய வெள்ளைச் சர்க்கரையின் பெயர், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கஞ்சம் மாவட்டத்து அஸ்கா என்னும் ஊரின் ஆலையிலிருந்து வந்தது.

இவற்றுள் மிளகாயின் வரலாறே மிகச் சுவையானது. மிளகைப் போல் காரம் தரும் காய் என்பதால் மிளகாய் என்று பெயரிட்டனர். பழைய பொருளின் பெயரைக் கொண்டே புதிய பொருளை வரவேற்ற முறை இது. கன்னட நாட்டின் புரந்தரதாசருடைய பாடலொன்றில் மிளகாய் இடம்பெறுவதை உணவு வரலாற்றறிஞர் கே. டி. அச்சயா எடுத்துக்காட்டுகிறார். தாசர் வாழ்ந்தது 16ஆம் நூற்றாண்டு. அங்ஙனமாயின் வந்து சில பத்தாண்டுகளுக்குள்ளாகவே மிளகாய் அடியார் பாடலிலும் இடம்பிடித்துவிட்டது எனலாம். மிளகு மலைச் சாரலில் மட்டும் விளைவது, விலை மிகுந்தது. மிளகாயோ எந்த ஏழையின் கொல்லையிலும் காய்ப்பது. அது பரவியதற்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

பறங்கிக்காயும் அவ்வாறே ஏழையின் வீட்டுக் கூரைமீது படர்ந்து, உழைப்பின்றிக் காய்த்து, மாதக்கணக்கில் கெடாதிருந்தது. மார்கழியில் வாசற்கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகப்படும் மஞ்சள் நிறப் பூசணிப் பூ என்று நாம் கூறுவதும் பெரும்பாலும் இப்பறங்கிப் பூவே. வெண்பூசணி இம்மண்ணில் நெடுங்காலமாக இருந்துவருவது. அதன் உறவினர் போல் தோன்றியதால், வந்தவரைத் தனியே நிறுத்தாமல் வீட்டாரோடு வீட்டாராக இருத்திக்கொண்டோம்.

புளியோதரையின் தாயகம்

பெருமாள் கோயில் பிரசாதம் என்றதும் நினைவிற்கு வரும் புளியோதரையை எடுத்துக்கொள்வோம். அதில் ஊறிய வற்றல் மிளகாயும் வேர்க்கடலையும் அமெரிக்கப் பயிர்கள் என்பதைக் கண்டோம். பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் மலைநாடுகளின் செடியிலிருந்து வடியும் பால். அதனை அன்றாடம் உண்ணும் நம் நாட்டில், 2020ஆம் ஆண்டில்தான் இமாசலப் பிரதேசத்தின் லாகுல் பள்ளத்தாக்கில் அறிவியல் அறிஞர்களின் முயற்சியால் அச்செடி முதன்முதலாக நடப்பட்டது. புளிய மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்று தாவரவியலார் கூறுவர். அது வந்த காலம் எவர் நினைவிலும் இல்லை; சங்க நூல்களிலேயே புளி உண்டு. அரேபியர் அதனை இந்தியப் பேரீச்சை என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர் என்றால், எத்துணை ஆழமாக அது நம்முடையதாகிவிட்டது என்பது புலனாகும். நல்லெண்ணெய் தரும் எள் நம் நாட்டிலேயே பயிராக்கப்பட்டது. அரிசியும் மஞ்சளும் தொன்றுதொட்டு இங்குள்ளவை.

ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் வார்க்கப்படும் கூழும் இதற்கு விலக்கன்று. கேழ்வரகும் கம்பும் மிகப் பழங்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தானியங்களே. எனவே வந்தவை, இருந்தவை என்று கோடு கிழிக்க முற்பட்டால் நம் படையல் இலையில் எஞ்சுவது மிகச் சிலவே.

மடைப்பள்ளியின் நிதானம்

அப்படியாயின் எதனையும் சேர்க்கலாம், எதனையும் விடலாம் என்று கொள்ளலாமா எனில், திருமடைப்பள்ளிகள் அவ்வாறு கொள்ளவில்லை. வீட்டு அடுக்களை விரைந்து ஏற்றுக்கொண்டதை மடைப்பள்ளி மிக மெதுவாகவே ஏற்றது; சிலவற்றை ஏற்கவேயில்லை.

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் இட்டலியை அன்பர்கள் பலர் சுவைத்திருப்பர். மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்த மாவை ஊற்றி ஆவியில் வேகவைக்கும் அவ்விட்டலியில் மிளகாய்க்கு இடமில்லை. மதுரையை அடுத்த அழகர்கோயிலின் தோசையிலும் மிளகே காரம். ஆஞ்சநேயருக்குச் சாற்றும் வடைமாலையும் மிளகு வடையே. மிளகாய் வந்து ஐந்நூறு ஆண்டுகள் ஆகியும், இத்தளிகைகள் அதற்கு முற்பட்ட சுவையைக் காத்துவருகின்றன. பூரி ஜகந்நாதர் ஆலயத்தின் மகாபிரசாதத்தில் உருளைக்கிழங்கும் தக்காளியும் முட்டைகோசும் சேர்ப்பதில்லை. நம் இல்லங்களில் முன்னோர்க்குச் செய்யும் திதியன்று மிளகாயை நீக்கி மிளகும், நாட்டுக்காய்களும் மட்டுமே கொண்டு சமைப்பதும் இவ்வகையினதே. வீட்டில் மற்ற நாள்களில் மறந்துபோன பழஞ்சமையல், ஆண்டிற்கு ஒருநாள் அந்த அடுப்பில் உயிர்பெறுகிறது.

இவ்விலக்குகளில் முழுமையான ஒழுங்கைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். உருளைக்கிழங்கை அயல்நாட்டுக் கிழங்கென்று விலக்குபவர், அதே அமெரிக்க மண்ணிலிருந்து வந்த சர்க்கரைவள்ளியைப் பொங்கல் கூட்டில் மனமுவந்து சேர்க்கின்றனர். காரணம் எளிது. முன்னர் வந்தது வேர்விட்டது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் பரவிய உருளை, கோசு, கேரட், பீன்ஸ் ஆகியவை இங்கிலீஷ் காய்கள் என்ற பெயரோடு சந்தைக்கு வந்தமையால் இன்றும் விருந்தினராகவே நிற்கின்றன.

உணவின் உயிர்நிலை

பொருள் மாறுவது ஒன்று. ஒரு விழா உணவின் உயிர்நிலையே மாறுவது வேறொன்று. இவ்வேறுபாட்டைத் திருவாதிரைக் களி நன்கு விளக்கும்.

தில்லையில் விறகு விற்று வாழ்ந்த சேந்தனார், நாள்தோறும் ஓர் அடியவர்க்கு அமுதளித்த பின்னரே தாம் உண்ணும் நெறியினர். ஒருநாள் பெருமழையால் விறகு நனைந்தது; விற்பனையாகவில்லை; அரிசி வாங்க வழியில்லை. இல்லத்தில் இருந்த மாவைக் கொண்டு களி கிண்டி அடியவரை எதிர்நோக்கியிருந்தார். கூத்தப்பெருமானே அடியவராக எழுந்தருளி அதனை உண்டு மகிழ்ந்தார். மறுநாள் காலை தில்லைவாழ் அந்தணர் திருக்கதவம் திறந்தபோது கருவறையில் களி சிதறிக் கிடந்தது என்பது வரலாறு. சேந்தனார் அருளிய திருப்பல்லாண்டு ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது.

மார்கழித் திருவாதிரையன்று நாம் களி படைப்பது இந்நிகழ்வை நினைந்தே. இன்றைய களியில் வறுத்த அரிசி நொய், பயற்றம் பருப்பு, வெல்லம், ஏலக்காய், தேங்காய், தாராளமாக நெய், முந்திரி எல்லாம் உண்டு. உண்பதற்கு இனிதாகவே இருக்கிறது. ஆனால் ஒன்றுமில்லாதவர் இருந்ததைக் கொண்டு ஆக்கிய உணவு என்பதே களியின் சிறப்பு. பறங்கிக்காய் பொங்கலைக் கெடுக்கவில்லை. கிலோ கணக்கில் முந்திரி சேர்ந்த களியோ சேந்தனாரை விட்டுச் சற்றே விலகிப் போய்விட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. முந்திரி வாங்க இயலாததால் இவ்வாண்டு களி கிண்டவில்லை என்று ஓர் இல்லத்தரசி கூறக் கேட்டபோது இவ்வெண்ணம் வலுப்பட்டது.

பொங்கலின் உயிர்நிலை அதன் பெயரிலேயே உள்ளது. பொங்குவதால் அது பொங்கல். மண்பானை பித்தளைப் பானையாயிற்று. விறகடுப்பு எரிவாயு அடுப்பாயிற்று. இவற்றால் குறைவில்லை. ஆனால் அழுத்தக் கொதிகலனாகிய குக்கரில் அரிசியையும் பருப்பையும் இட்டு மூடிவிட்டால் எதுவும் பொங்குவதில்லை; மூன்று முறை ஒலியெழுப்பி அடங்கிவிடுகிறது. "பொங்கலோ பொங்கல்" என்று எதனைக் கண்டு குரலெழுப்புவது? மற்ற நாள்களில் குக்கர் நன்று. அந்த ஒரு காலையிலாவது திறந்த பாத்திரத்தில் பாலும் நீரும் பொங்கி வழிய விடுவதே முறை.

வந்தவையன்று, போனவை

அயலிலிருந்து வந்தவற்றைப் பற்றியே நாம் கவலைப்படுகிறோம். நம் கண்முன் மெல்ல மறைந்துவருபவை குறித்துக் கவலைப்படுவோர் குறைவு.

பழனியாண்டவர் பஞ்சாமிர்தத்தை எண்ணிப் பார்ப்போம். பால், தயிர், நெய், தேன், சர்க்கரை ஆகிய ஐந்தும் பஞ்சாமிர்தம் என்பது பொது வழக்கு. பழனியிலோ மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் ஆகியவற்றோடு பேரீச்சை, கற்கண்டு, உலர்திராட்சை சேர்த்து, ஒரு துளி நீருமின்றிப் பிசைந்து ஆக்குவர். 2019ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதற்குரிய பழம் பழனி மலைச் சாரலில் விளையும் விருப்பாட்சி வாழை. தோல் கனத்து, சதை கெட்டியாக, நீர்ச்சத்து குறைந்து இருப்பதாலேயே அப்பஞ்சாமிர்தம் நெடுநாள் கெடாது.

அந்த விருப்பாட்சியை முடிக்கொத்து நோய் தாக்கியது. வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி பரப்பும் நச்சுயிரியால் வருவது அந்நோய். வாழை பக்கக் கன்றினாலேயே பெருகுவதால், நோயுற்ற தாயின் கன்றும் நோயோடே பிறக்கிறது. தோட்டம் தோட்டமாக வாழை அழிந்து, பலர் காப்பி, மிளகு என்று மாறினர். பின்னர் நச்சுயிரி நீக்கிய திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டு விருப்பாட்சியை மீட்கும் முயற்சிகள் நடைபெற்றன. ஆயினும் முன்பிருந்த பரப்பு திரும்பவில்லை. ஒரு பிரசாதத்தின் சுவையைக் காக்க ஒரு மலைச்சரிவையே காக்க வேண்டியுள்ளது.

புத்தரிசியின் நிலையும் இதுவே. தஞ்சைக் கல்வெட்டுகள் அன்றாடத் திருவமுதிற்குப் பழவரிசியைக் குறிப்பிடுகின்றன. பழைய அரிசி நீரை மிகுதியாக உறிஞ்சி, உதிரி உதிரியாக மலரும். புத்தரிசியோ குழைந்து ஒட்டிக்கொள்ளும். சோற்றுக்கு அது குறை. பொங்கலுக்கோ அதுவே நிறை. அறுவடையான முதல் நெல்லைக் குத்திப் பொங்கலிட்டதில் நன்றியோடு சமையல் நுட்பமும் கலந்திருந்தது. இன்று மேட்டூர் அணை நீர் காலந்தாழ்த்தி வரும் ஆண்டுகளில் டெல்டாவில் சம்பா அறுவடை தை இறுதிக்கோ மாசிக்கோ தள்ளிப் போகிறது. பொங்கல் நாளில் உழவர் வீட்டிலேயே புது நெல் இல்லாத நிலையை அப்பகுதியினர் அறிவர். 1960களில் ஐ.ஆர்.8 போன்ற உயர்விளைச்சல் நெல் வகைகள் பரவிய பின் நாட்டு நெல் வகைகள் பல வயலை விட்டு நீங்கின. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, 150க்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் 2018ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் பரப்பிய விதைகளின் வழிவந்த தூயமல்லியும் மாப்பிள்ளைச் சம்பாவும் இன்று நகரத்துக் கடைகளிலும் கிடைக்கின்றன.

வெல்லத்தைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். நல்ல வெல்லம் பழுப்பு நிறமுடையது. மக்கள் வெளிறிய மஞ்சள் நிறத்தை விரும்பியதால், ஹைட்ரோஸ் என்னும் வெளுப்புப் பொருளைக் கலந்து நிறமேற்றும் வழக்கம் வந்தது. ஆண்டவனுக்குப் படைப்பதற்கு அழகாக இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கும் மஞ்சள் வெல்லமே தரத்தில் தாழ்ந்ததாக இருக்கக்கூடும். கருத்த வெல்லத்தைக் கேட்டு வாங்குவதே நன்று. நெல்லை, குமரி மாவட்டத்தார் கார்த்திகைத் தீபத்தன்று பச்சைப் பனையோலையில் பொதிந்து அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டைக்குக் கருப்பட்டியே வேண்டும். பனையேறுவோர் குறைந்துவருவதால் கருப்பட்டியின் விலை ஏறியுள்ளது. கருப்பட்டி என்று விற்கப்படுபவற்றில் சீனிப்பாகு கலந்தவையும் உண்டு.

கைப்பக்குவமும் இவ்வாறே மறையக்கூடியது. அதிரசம் திருமலைக் கல்வெட்டுகளிலேயே அதிரசப்படி என்று குறிக்கப்படும் பழம் பணியாரம். ஈர அரிசியை இடித்த மாவில் வெல்லப்பாகை ஊற்றிப் பிசைந்து, ஓரிரு நாள் வைத்திருந்து, பின்னர் தட்டிப் பொரித்தெடுக்க வேண்டும். பாகைச் சிறிது நீரில் விட்டால் விரலால் திரட்ட வரவேண்டும்; கல்லாக இறுகக் கூடாது. முற்றினால் அதிரசம் கடினமாகும். இளகினால் எண்ணெயில் பிரிந்து போகும். என் தாயார் பாகைக் கரண்டியிலிருந்து ஒழுகவிட்டு, கண்ணால் பார்த்தே இறக்கிவிடுவார். "எப்போது அம்மா இறக்குவது?" என்று கேட்டால், "பார்த்தால் தெரியும்" என்பார். எங்களுக்குத் தெரியவில்லை. அவர் மறைந்த பின் எங்கள் இல்லத்தில் தீபாவளி அதிரசம் கடையிலிருந்து வருகிறது. அதில் குறை கூற ஒன்றுமில்லை. ஆனால் முதல் அதிரசம் எண்ணெயில் விழும்போது அடுப்பருகே குடும்பமே நின்று, பிரிகிறதா நிற்கிறதா என்று பார்க்கும் அந்த நொடி இல்லை.

போனவற்றுள் சில திரும்பி வருவதும் உண்டு. முருகப்பெருமானுக்கு உகந்த தேனும் தினைமாவும் பல ஊர்களில் பெயரளவிற்கே எஞ்சியிருந்தன. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதனையொட்டியும், நீரிழிவு குறித்த அச்சத்தாலும், தினையும் சாமையும் மீண்டும் மளிகைக் கடைகளுக்கு வந்துள்ளன. மருத்துவர் சொல்லி வாங்கிய தினையில் ஒரு பிடி எடுத்து, வறுத்துப் பொடித்து, தேனும் நெய்யும் விட்டுப் பிசைந்து, நடுவே குழித்து நெய்த்திரியேற்றினால் கார்த்திகேயனுக்குரிய மாவிளக்கு ஆயத்தம்.

இவற்றையெல்லாம் அன்று பிராகாரத்தில் அவ்வம்மையாரிடம் இவ்வளவு விரிவாகக் கூறவில்லை. பறங்கிக்காயின் பெயரை மட்டும் பிரித்துச் சொன்னேன். முதலில் நம்பவில்லை, பிறகு சிரித்தார். திறந்த பாத்திரத்தில் பால் பொங்கட்டும், கிடைத்த பச்சரிசி போதும், கதிரவன் பால்கனிக்கும் வருவான் என்றேன்.

மாசி மாதத்தில் மீண்டும் அவரைத் திருக்கோயிலில் கண்டேன். சிறிய பித்தளைப் பானையில், எரிவாயு அடுப்பில், கடையில் வாங்கிய அரிசியைக் கொண்டு பொங்கலிட்டதாகவும், பால் வழிந்து அடுப்பு அணைந்துபோனதாகவும், பேரக் குழந்தைகள் குலவையிட முயன்று சிரித்ததாகவும் கூறினார். கூட்டிற்குப் பறங்கிக்காயும் கிடைத்துவிட்டதாம்.

"கேரட்?" என்று கேட்டேன்.

"அது மட்டும் சேர்க்கவில்லை ஐயா. இன்னும் நூறு ஆண்டு போகட்டும்" என்றார்.